நடுக் கண்ணாடியில் நின்ற வைப்பர்

எங்கள் பட்டறையில் அடித்த பெயின்ட் சரியில்லை என்று எவரும் வாசலில் வந்து நின்றதில்லை. என் அப்பா காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை. ஆகவே என் மனைவியின் அண்ணன், அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரனை விடாமல் அமுக்கியபோது நான் பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் வெளியே வந்தேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையை உரசுவதுபோல் ஓடும் பழைய கார் அது. வைப்பர் இரண்டும் கண்ணாடியின் நடுவில் விறைத்துக்கொண்டு நின்றன. மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி ஓட்டி வந்திருக்கிறார். சொட்டச் சொட்ட இறங்கினார். மறுபக்கம் பழைய கார் சங்கத்தின் செயலாளர் இறங்கினார். அவர் மேல் ஒரு துளி படவில்லை. ஆனாலும் முகம் நனைந்த துணி மாதிரி தொங்கியது.

“பாக்க ஜம்முனு இருக்கு மாப்பிள்ளை. மழை வந்தாத்தான் கண்ணு தெரியல,” என்றார் மச்சான்.

“காருக்கா, உங்களுக்கா?”

“கிண்டல் அப்புறம் பண்ணலாம். நாளைக்குச் சங்கத்து வண்டி எல்லாம் சேர்ந்து கிளம்புது. லைட்டு, ஹாரன், வைப்பர் மூணும் வேலை செய்யலன்னா வண்டியச் சேத்துக்க மாட்டாங்க. உங்க பெயின்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல. இது வயரிங். பொண்ணு கையில ஒப்படைக்க வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்.”

பட்டறையின் இடப்பக்கம் என்னுடையது, டிங்கரிங்கும் பெயின்டும். வலப்பக்கம் என் மகளுடையது, எலக்ட்ரிக்கல் வேலை. பழைய கார் ஒன்றுக்கு அவள் முழு வயரிங்கையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. சங்கத்தில் இருக்கும் மற்ற கார்கள் அவளிடம் வருமா வராதா என்பது இந்தக் காரை வைத்துத்தான் முடிவாகும். செயலாளர் உடன் வந்ததே அதற்காக. அவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், அவள் தன் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வேறு எவன் கடையிலாவது ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போகவேண்டியதுதான்.

“என் வீட்டுப் பிள்ளை போட்ட வயர்ல குத்தம் இருக்காது,” என்றேன்.

“பாக்காமலேயா?”

“பாக்காமலேதான்.”

மகள் ஒரு துண்டைக் கொண்டுவந்து தாய்மாமன் கையில் கொடுத்தாள். “தலையத் துவட்டுங்க மாமா. திட்டுறதுக்கு உடம்பு நல்லா இருக்கணும்ல.”

“மோட்டார் செத்துப்போச்சும்மா. இல்லன்னா ஸ்விட்சு.”

“நாமளா எதுக்குச் சாகடிக்கணும்? அதுகிட்டயே கேட்டுப் பாப்போம்.”

பானெட்டைத் தூக்கினாள். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கம்பி அறுபடவில்லை. மச்சானை உள்ளே உட்கார்ந்து வைப்பர் ஸ்விட்சைப் போடச் சொன்னாள். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, முனையை மோட்டாருக்கு வரும் வயரில் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“ஸ்விட்சும் சரி, வயரும் சரி. மோட்டார் வாசல் வரைக்கும் கரண்ட் வந்துடுச்சு,” என்றாள்.

பிறகு கிளிப்பைப் பேட்டரியிலிருந்து எடுத்து மோட்டாரின் மேல்கூட்டில் மாட்டினாள். பல்பு அணைந்துவிட்டது. மறுபடி பேட்டரியில் மாட்டினாள், எரிந்தது. மோட்டாரில் மாட்டினாள், அணைந்தது. அப்போது அவள் மோட்டாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் அருகில் போனேன். செயலாளர் காதில் விழாதபடி பேசினாள்.

“வயர் வழியா வர்ற கரண்ட், திரும்பிப் போறதுக்கு வண்டியோட இரும்புதான் வழி அப்பா. மோட்டார் அந்த இரும்பைத் தொட்டுக்கிட்டு உக்காரணும். இங்க தொடல. நடுவுல உங்க பெயின்ட் இருக்கு. போல்ட் மரையில எங்கயோ லேசாக் கீறி இவ்வளவு நாள் ஓடியிருக்கு. இப்ப அதுவும் போச்சு.”

காரைப் பிரித்துப் போட்டிருந்தபோதே அவள் கேட்டாள், போல்ட் உட்காரும் இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. “நம்ம பட்டறையிலேர்ந்து ஒரு வண்டி அங்கங்க அம்மணமா போகணுமா?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தவன் நான். மோட்டாரைத் தாங்கும் பட்டையைக்கூட விடவில்லை. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முன்னும் பின்னும் அடித்து, கண்ணாடிபோல் பளபளக்க வைத்தேன்.

“ஒரு சின்ன வயர் எடுத்து மோட்டார்லேர்ந்து தனியா எர்த் குடுத்துடறேன். ஓடிடும். மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரு இதுல வர வேண்டாம்ப்பா,” என்றாள்.

அந்த வயரை நினைத்துப் பார்த்தேன். செயலாளர் பானெட்டுக்குள் குனிவார். ஒழுங்காகக் கட்டி வைத்த வயர்களுக்கு நடுவே அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஒட்டுப்போட்ட வேலை என்பார். என் மானம் காப்பாற்றப்படும், அவளுடையது போகும். மகளை மழையில் நிறுத்திவிட்டு நான் குடை பிடிப்பதா?

“செயலாளர் சார், இப்படி வாங்க. மச்சான், நீங்களும் இறங்கி வாங்க,” என்று கூப்பிட்டேன். “வயரிங்ல குத்தம் இல்ல. குத்தம் பெயின்ட்ல. அடிச்சது நான்.”

மச்சான் துண்டை இறக்கினார். “மாப்பிள்ளை வாயில குத்தம்னு ஒரு வார்த்தையா? என் தங்கச்சியக் கூப்பிடுங்கப்பா, அவ காதுலயும் விழட்டும்.”

“அவளையும் கூப்பிடுங்க. கரண்டே புக முடியாத பெயின்ட் அடிச்சிருக்கேன் மச்சான். வேற எவன் அடிப்பான்?”

செயலாளர் சிரிக்கவில்லை. “ஒரே பட்டறை. யாரு தப்பா இருந்தா என்ன? வெளிய சொல்றப்ப எல்லாம் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்ல. போல்ட் உக்கார்ற இடத்த விட்டுடுங்கன்னு அவ அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. சொல்றதா இருந்தா இதையும் சேத்துச் சொல்லுங்க. பாதிய மட்டும் சொன்னீங்கன்னா மீதிய நான் உங்க சங்கத்துக்கே வந்து, எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லுவேன்.”

மகள் மோட்டாரைக் கழற்றினாள். சுரண்டியை எடுக்கப் போனவளைத் தடுத்து நான் வாங்கிக்கொண்டேன். என் பெயின்டில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, மகளாக இருந்தாலும். அது சும்மா வந்துவிடவில்லை. தூளாக உதிராமல் செதில் செதிலாக, வீம்பு பிடித்துக்கொண்டு வந்தது. எனக்குக் கை வலித்தது. ஆனாலும் அதன் மேல் கோபம் வரவில்லை. பட்டையிலும் பாடியிலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன்.

மகள் மோட்டாரை முறுக்கி ஏற்றி ஸ்விட்சைப் போட்டாள். வைப்பர் இரண்டும் ஒரு கோடிக்கும் மறு கோடிக்குமாக வீசிவிட்டு, அணைத்ததும் கீழே தம் இடத்தில் போய்ப் படுத்தன.

மச்சான் குனிந்து பார்த்தார். “சுரண்டுன இடம் அசிங்கமா இருக்கே. டச்சப் பண்ணிக் குடுத்துடுங்க.”

“மாட்டேன். துரு பிடிக்காம அவ கிரீஸ் தடவுவா. இனிமே எந்த வண்டியா இருந்தாலும் எங்க அடிக்கக் கூடாதுன்னு அவ சாக்பீஸ்ல கோடு போடட்டும். கோட்டத் தாண்டி நான் அடிக்க மாட்டேன். அவ வேலையப் பத்தி எவனாவது கோடு தாண்டிப் பேசினா, அவனையும் விட மாட்டேன்.”

மச்சான் துண்டை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார். “சரியாக் கண்டுபிடிச்சுட்டம்மா,” என்றார் அவளிடம்.

செயலாளர் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். “என் வண்டியில ஹாரன் அடிச்சா லைட்டு மங்குது. அதுவும் இந்த மாதிரியா இருக்குமாம்மா?”

“பாத்தாத்தான் தெரியும் சார். பெயின்ட் யாரு அடிச்சது?”

அவர் தயங்கினார். பிறகு தாடையால் என் பக்கம் காட்டினார்.

“இன்னிக்கே கொண்டுவரச் சொல்லும்மா,” என்றேன். “நீ இடத்தக் காட்டு, நான் சுரண்டறேன்.”