வந்து சேர்ந்த நேரம்

"ரசீதுல மணி அச்சாயிருக்கா பாரு!" என்று படுத்தபடியே கத்தினார் அப்பா. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கத்தியதற்கு உடனே இருமல் வந்து பிடித்துக்கொண்டது.

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலருகே பிடித்திருந்த மகன், தையல்காரன், "அக்கா, காதுல விழுந்துச்சா?" என்றான்.

"பெட்ரோல் பங்க்ல இருக்கற எல்லார் காதுலயும் விழுந்துச்சுடா." அக்காவின் குரலுக்குப் பின்னால் லாரிகள் இரைந்தன. "இருக்குப்பா. பன்னெண்டு அம்பத்திரெண்டு. மீட்டர் நாப்பத்திரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினொண்ணு. கெளம்பறேன்."

"ஏதாச்சும் சாப்பிட்டியான்னு கேளுடா," என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் இணைப்பு போய்விட்டது.

நேற்று மாலை நாலு பத்துக்கு இந்த வாசலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பியவள் அக்கா. இருபத்துநாலு மணி நேரத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டி, இன்று நாலு பத்துக்குள் இதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். லிஃப்ட் மெக்கானிக், வயது நாற்பத்துமூன்று, பிடித்தால் உடும்புப் பிடி. இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்து போகாமல் இருந்தாள். மூன்றாம் முறை அப்பாவே துரத்திவிட்டார். "நான் எங்க ஓடிடப் போறேன்? போயிட்டு வா. நீ வந்த நேரத்த நான் எழுதறேன்." மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு ஆதாரமாக வழியில் வாங்கிய பெட்ரோல் ரசீதுகளோடு ஒரு தாளும் கொடுக்க வேண்டும்; அந்தத் தாளில் இரண்டு சாட்சிக் கட்டங்கள். புறப்பட்டதைப் பார்த்தவர் என்ற இடத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்து சேர்ந்ததைப் பார்த்தவர் என்ற கட்டம்தான் காலி. அதை நிரப்பும்வரை அவர் இருக்க வேண்டும். இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொன்னது தையல்காரனுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிரைவர்கள் வைத்த பெயர் 'நிமிஷம்'. கெஞ்சினாலும் கொஞ்சினாலும் ஒரு நிமிஷத்தை மாற்றி எழுதாத மனிதர். அவருக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை! சொன்ன தேதியில் சட்டை கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. "காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று பன்னிரண்டு வருஷமாகக் காலத்தை ஓட்டுகிறான். நேற்றுவரை அக்காவுக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இன்று கடையையே திறக்கவில்லை. அலமாரிக் கதவில் துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியால் அவள் நின்ற பங்க்குகளை எல்லாம் வரிசையாகக் குறித்துவைத்திருந்தான்.

இரண்டு மணி வாக்கில் மறுபடி கைபேசி அடித்தது.

"பாலத்துல லாரி கவுந்து கெடக்கு. சுத்திப் போகச் சொல்றாங்க."

அப்பாவின் கண் பளபளத்தது. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "இருபத்தஞ்சு நிமிஷம் போயிடும். தண்ணி குடிக்கக்கூட நிக்காத!"

"பெத்த பொண்ணத் தண்ணி குடிக்காதன்னு சொல்ற அப்பன இங்கதான் பார்க்கறேன்," என்றாள் அம்மா.

"ஓட்டிக்கிட்டே குடிப்பா. முதுகுப் பையிலேர்ந்து குழாய் விட்டிருக்கா. எனக்கு மூக்குல, அவளுக்கு வாயில." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டரைக்கு மேல் மூச்சு மாறியது. உதடு நீலம் பாரித்தது. தையல்காரன் தாளை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"அப்பா, கையெழுத்த மட்டும் இப்பவே போட்டுடுங்க. நேரத்த நான் எழுதிக்கறேன்."

"பஸ்ஸே வரல. வந்துடுச்சுன்னு எழுதச் சொல்றியா?"

"அக்காகிட்டயாவது சொல்லிடட்டுமா?"

"ஓட்டறவகிட்ட எதுவும் சொல்லாத." அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணி நாலு நிமிஷத்துக்குக் கடைசி பங்க்கிலிருந்து பேசினாள். குரலில் தூக்கமும் வெறியும் கலந்திருந்தன. "இன்னும் அறுபத்தெட்டு கிலோமீட்டர், அறுபத்தாறு நிமிஷம்! அப்பா, விட மாட்டேன்!"

தையல்காரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைபேசியை அப்பாவின் வாயருகே கொண்டுபோனான். அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார்.

"நிதானமா வா பாப்பா. நேரம் இருக்கு."

"இத உங்க வாயால கேக்கறது இதான் மொதத் தடவ!" அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று முப்பத்தொன்றுக்கு அம்மா அவர் மார்பில் வைத்திருந்த கையை எடுக்காமலே, "நின்னுடுச்சுடா," என்றாள்.

தையல்காரன் அழுதான். சுவரில் முட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அம்மா குழாயைக் கழற்றி, அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, இரைந்துகொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தினாள். வீடு காது அடைத்தாற்போல் ஆயிற்று.

"அந்தத் தாள எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போ," என்றாள். "அவ உள்ள வந்துட்டான்னா அப்புறம் அதத் தொடவே மாட்டா."

கேட்டருகே போய் நின்றான். நாலு அடித்தது. நாலு மூன்று. தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியதும் பேனாவைத் திறந்தான். அது அவளில்லை. நாலு ஐந்து. பத்தைத் தாண்டினாலும் ஒன்பது என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? அவனுக்கு அதெல்லாம் கை வந்த கலை. ஆனால் எழுத மாட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. அதனால்தான் பயம் அதிகமாயிற்று. வா, வந்துடு, வந்துடுக்கா என்று வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தான்.

பட்டப்பகலில் விளக்கு எரிய, வண்டி முனை திரும்பியது. இடது கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே வந்தாள். தன்னை மறந்து அவனும் கையை உயர்த்திக் கத்தினான். வண்டி நின்றது. தூசியும் பூச்சியும் அப்பிய கண்ணாடியைத் தூக்கினாள்.

"நாலு ஏழு! வந்துட்டேன்டா! அப்பா! அப்பா எங்கடா?"

"மொதல்ல மீட்டரப் படி."

"அப்பாதானே எழுதணும்? உள்ள எடுத்துட்டுப் போ, நான் வந்து சொல்றேன்."

"படிக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"நாப்பத்திரெண்டாயிரத்து..." குரல் நின்றது. "எண்ணூத்தி..."

"மிச்சம்?"

"பதினெட்டு."

எழுதினான். நேரம் நாலு ஏழு. கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவள் இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆக்ஸிலேட்டரைப் பிடித்த வலது கை அப்படியே இறுகிக் கிடந்தது. குனிந்து சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். கட்டைவிரல் கடைசியில்தான் விட்டது.