தள்ளினால்தான் ஓடும் வண்டி

மூன்று மாதமாக அந்த வீட்டுக் கூடத்தில் மனிதர் நடமாட இடமில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் மேல் ஒரு குட்டி மோட்டார் சைக்கிளை நட்டு நட்டாகக் கழற்றிப் பரப்பியிருந்தாள் பல்லக்கா. நிறுத்தினால் முழங்காலுக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான் அதன் உயரம். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் நெரிசலில் பஸ்ஸை நெளித்து நெளித்து ஓட்டிவிட்டு வருகிற மனிதருக்கு, சொந்த வீட்டில் சோபாவை அடைய அதைவிட அதிகமாக நெளிய வேண்டியிருந்தது.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு முப்பது வருடத்து வேலை. மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்துக் குழம்பை வார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பாள். அந்தத் தெருப் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி அவள் கைவேலை. அதனாலோ என்னவோ, அவளிடம் யாரும் சட்டென்று வாய் கொடுக்க மாட்டார்கள்.

வண்டி அவள் அப்பா செய்தது. அவர் இரும்பு கேட் அடிப்பவர். கேட்டுக்குப் போக மிஞ்சிய குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, தண்ணீர் இறைக்கும் சின்ன எஞ்சின் ஒன்றைப் பூட்டி, கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்டையே அதற்கும் அடித்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வண்டி. அப்போது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு. எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை அப்பா கழற்றி எறிந்துவிட்டார். தள்ளினால்தான் கிளம்பும். அவள் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சைப் பிடிப்பாள், அண்ணன் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டு ஓடுவான். "விட்டுராதண்ணா!" என்று அவள் கத்துவாள். "விடல, விடல!" என்று பதில் வரும். அந்தப் பதில் நாளுக்கு நாள் தூரத்திலிருந்து வந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஒரு சுற்று முடிந்து வந்ததும் அவன் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவான், எஞ்சினும் உடனே அடங்கிவிடும். அண்ணன் கை பட்டால் கிளம்பும், அண்ணன் கை பட்டால் நிற்கும் என்று பள்ளிக்கூடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அண்ணனோடுதான் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். அண்ணன் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பச்சை வண்டி பழைய இரும்புக்காரரின் வேனில் ஏறிவிட்டது. இரண்டு தெரு ஓடி, வேனுக்குக் குறுக்கே நின்று, இறக்கிக்கொண்டுதான் வந்தாள். மூச்சு வாங்க வாங்கக் கத்தினாள்.

"அப்பா செஞ்சது உனக்குக் குப்பையா? இனிமே எனக்கு அண்ணனே கிடையாது!"

"முப்பத்தஞ்சு வருசமா ஓடாதத வச்சு என்ன பண்ணுவ? ஓட வச்சுக் காட்டு, அப்புறம் என்கிட்ட பேசு" என்றார் அண்ணன்.

கோபத்தில் யாரும் சொல்வதுதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்த பிடிவாதக்காரர்கள். சொன்னவர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வண்டி ஓடாமல் பேசுவதில்லை. வண்டியோ மாடிப்படிக்குக் கீழே கிடந்து தூசி குடித்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அண்ணிதான். வாரம் தவறாமல் அண்ணி போன் செய்வாள். "உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு" என்பாள். "இருக்கட்டும்" என்பாள் இவள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு போனில் அண்ணி சொன்னாள், "பேத்தி பொறந்திருக்கா. உன் மூக்கு அப்படியே."

பல்லக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த மூக்கைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் அண்ணன் வீட்டுப் படி ஏற வேண்டும். படி ஏற வேண்டுமானால் அந்தப் பாழாய்ப்போன வண்டி ஓட வேண்டும். அன்றைக்கே அதை இழுத்து வந்து கூடத்தில் போட்டாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பல்லிடுக்கு சுரண்டுகிற கம்பியால் கார்புரேட்டரின் ஓட்டைகளைச் சுரண்டினாள். பல்லுக்கு மெருகேற்றும் பொடியைப் போட்டு எஞ்சின் மூடியை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தாள். காணாமல் போயிருந்த டேங்க் மூடியைக் கடை கடையாகத் தேடி, கிடைக்காமல், லேப்பில் ஈறு நிறத்துக் குழம்பிலேயே வார்த்து எடுத்துவிட்டாள். பச்சை வண்டிக்கு ரோஸ் நிற மூடி. "வண்டி நாக்கத் துருத்துதேடி" என்றார் வீட்டுக்காரர். குழாய்களைத் தேய்த்து, அதே பச்சையைத் தேடிப் பிடித்து அடித்தாள். சீட்டுக்குக் கீழே முதுகெலும்பு போல ஓடுகிற பெரிய குழாயின் பின்முனையை ஒரு ரப்பர் மூடி அடைத்திருந்தது. அது லேசாக ஆடியது. விழுந்து தொலைந்துவிடப் போகிறதே என்று பல் செட்டுக்குப் போடும் பசையைச் சுற்றிலும் விட்டு அழுத்தினாள். அவள் ஒட்டினது இதுவரை எந்த வாயிலும் கழன்றதில்லை.

எல்லாம் ஆயிற்று. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

பம்புசெட்டு பழுது பார்க்கிற ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'பம்பு'தான். பம்பு வந்து எஞ்சினைக் கழற்றி மேசை மேல் வைத்துச் சுற்றினார். பிளக்கில் பளிச் பளிச்சென்று நீலப்பொறி தெறித்தது. திரும்ப வண்டியில் பூட்டிச் சுற்றினார். பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. கழற்றினால் தெறிக்கிறது, பூட்டினால் செத்துவிடுகிறது. நாலு தடவை கழற்றிப் பூட்டியதில் அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"இந்த ஒயர் எங்க போகுது?" என்று பல்லக்கா கேட்டாள். எஞ்சினிலிருந்து புறப்பட்ட ஒரு கறுப்பு ஒயர் பெரிய குழாய்க்குள் நுழைந்து மறைந்தது.

"அது எர்த்து ஒயருக்கா. உள்ள பத்த வச்சிருப்பாங்க. அதத் தொட்டுராதீங்க, எர்த்து இல்லாம எந்த எஞ்சின் ஓடும்?" என்றார் பம்பு, தெரிந்தவர் சொல்கிற தோரணையில். அவளும் தொடவில்லை. காயிலை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோலை மாற்றினார்கள். பாவம் வீட்டுக்காரர், வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து தெருவில் வண்டியைத் தள்ளினார். பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸைக்கூட இப்படித் தள்ளியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தாள்.

"தோத்துட்டேன் அண்ணி. மேசையில வச்சா பொறி வருது, வண்டியில வச்சா வரல. அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு. குழந்தையோட போட்டோவாவது அனுப்புங்க."

போனில் அண்ணியின் குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. யாரோ சிரிக்கிறார்கள். சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமுகிறார்கள்.

"யாரு அண்ணி அது?"

"உங்க அண்ணன்தான். நீ சொன்னது கேட்டுச்சு போல. அவருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல" என்றாள் அண்ணி. பிறகு போனை நகர்த்தி எதையோ கேட்டுவிட்டுச் சொன்னாள், "நாளைக்குக் காலையில வராராம். தள்ளுறதுக்கு."

போனை வைத்த பல்லக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று மாதம் ரத்தத்தை வேர்வையாக்கியிருக்கிறாள், இவர் வந்து கேலி செய்யப் போகிறாராம். வரட்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டைப் பெருக்கினாள், சோபா உறையை மாற்றினாள், வண்டியை இன்னொரு தடவை துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பம்பு ஸ்பானரோடு வந்து நின்றார். ஆட்டோவிலிருந்து முதலில் அண்ணி இறங்கினாள், கையில் துணி சுற்றிய பேத்தி. பின்னால் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. தொப்பை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தங்கையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்தார். ரோஸ் மூடியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவள ஏறச் சொல்லு" என்றார் அண்ணியிடம்.

"தள்ளுறவர மெதுவாத் தள்ளச் சொல்லுங்க" என்றாள் பல்லக்கா, அவளும் அண்ணியிடம்தான்.

ஏறி உட்கார்ந்து கிளட்ச்சைப் பிடித்தாள். முழங்கால் இரண்டும் ஹேண்டிலுக்கு மேலே வந்துவிட்டன. அண்ணன் ஒரு வித்தைக்காரரைப் போலக் கையை உதறிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் 'ம்... ம்...' என்று முக்கல் மட்டும் கேட்டது. பிறகு,

"ஏய்! இந்த ரப்பர்ல பசை போட்டது யாரு?"

"நாந்தான் போட்டேன்! விழுந்துரும்னு போட்டேன்! அதுக்கு என்ன இப்போ?"

"அறிவிருக்கா உனக்கு? அதத் தெறக்காம எப்படி வண்டி ஓடும்?"

"அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்பாடா, பேசிட்டாங்க!" என்றாள் அண்ணி. இருவரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று வருடத்து வீம்பு, ஒரு சொட்டுப் பசையில் போயிற்று. முதலில் சிரித்தது யார் என்று இன்று வரைக்கும் தகராறு இருக்கிறது.

லேப் கத்தியைக் கொண்டுவந்து ரப்பரைச் சுற்றி அறுத்தார்கள். உள்ளே, விரல் போனால் தட்டுப்படுகிற இடத்தில், குண்டூசித் தலைக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு சுவிட்ச். பம்பு எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எர்த்து ஒயர் என்று அவர் காப்பாற்றி வைத்திருந்தது, பொறியை அணைக்கிற ஒயர். எஞ்சினைக் கழற்றும்போதெல்லாம் அது பிரிந்துவிட்டதால்தான் மேசையில் பொறி தெறித்தது.

"அப்பா என்கிட்ட மட்டும் சொன்னாரு" என்றார் அண்ணன், சுவிட்சைத் தட்டியபடியே. "தங்கச்சி சின்னப் பொண்ணு, தனியா எடுத்துட்டுப் போயிருவா. நீ கூட இருந்தாத்தான் அது ஓடணும்னாரு. அவரு சாகிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ம், கிளட்ச்சப் பிடி."

தள்ளினார். பத்தடி கூடப் போகவில்லை. படபடவென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெரு கைதட்டியது, பம்பு எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார். பல்லக்கா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை கூச்சமில்லாமல் கூவிக்கொண்டே வந்தாள். அண்ணன் பின்னால் ஓடிவந்து பிடித்தார், விரலைக் குழாய்க்குள் விட்டார், எஞ்சின் அடங்கியது. அண்ணன் கை பட்டால் நிற்கும் என்று பெருமை அடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நீ மட்டும் சுவிட்சப் போட்டுட்டு ஜாலியாத் தனியா ஓட்டியிருக்க, இல்ல?" என்றாள்.

"நான் எங்க ஓட்டினேன்?"

"ஒரு தடவகூடவா?"

"நீ எறங்கினாத்தானே?" அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நீ எறங்குறதுக்குள்ள எனக்குக் கால் வளர்ந்துருச்சு. அந்த வண்டின்னா எனக்கு ஞாபகம் வர்றது உன்னோட ரெட்டை ஜடையும் பின்மண்டையும்தான். அதான் அன்னைக்கு எரிச்சல்ல வேன்ல தூக்கிப் போட்டேன். வீட்டுக்குப் போயி ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல."

பல்லக்கா நாற்பத்து நாலு வருடமாக அது தங்கள் இருவர் வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக இரண்டு தெரு ஓடியிருக்கிறாள், அண்ணனையே வேண்டாம் என்றிருக்கிறாள். தள்ளினவன் ஒரு தடவைகூட ஏறவில்லை என்பது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அவன் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. சட்டென்று இறங்கினாள்.

"ஏறு."

"அடச்சீ, வண்டி ஒடிஞ்சிரும்."

"அப்பா அடிச்ச கேட்டு எதாச்சும் ஒடிஞ்சிருக்கா? ஏறுண்ணா."

"மச்சான், ஏறிடுங்க. இவ விடமாட்டா" என்றார் வீட்டுக்காரர். அனுபவம் பேசியது.

அண்ணன் ஏறினார். வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. முழங்கால் காதைத் தொட, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி தார் ரோட்டின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தெரிந்தது. அண்ணியின் தோளில் பேத்தி, பல்லக்காவின் மூக்கோடு, விழித்துப் பார்த்தது.

பல்லக்கா பின்னால் போய்க் குனிந்து, விரலைக் குழாய்க்குள் விட்டாள். சுவிட்ச் 'டிக்' என்றது. தள்ளினாள். எருமையைத் தள்ளுவது மாதிரி இருந்தது. இத்தனை பாடா பட்டான் இவன், தினமும்? வழுக்கை வெயிலில் மினுங்கியது. அண்ணனின் பின்மண்டையை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இன்னும் பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். எஞ்சின் படபடத்தது, சீட்டு அவள் கையை விட்டு நழுவி ஓடியது.

"விட்டுராத!" என்று கத்தினார் அண்ணன், பன்னிரண்டு வயதுக் குரலில். "பிடிச்சிருக்கியா? விட்டுராத!"

"விடலண்ணா, விடல!" என்று நடுத்தெருவில் நின்றபடி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவர் முனை திரும்பும்வரை கத்திக்கொண்டே இருந்தாள் தங்கை.