பிணைக்காத சுவர்

கிளறாவுக்கு வியாழக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு லீவு. இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். மற்றவர்கள் அந்த நேரத்தில் சந்தைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் காலை நீட்டிப் படுப்பார்கள். கிளறா மட்டும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போய், அங்கிருக்கும் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பாள். தொண்ணூற்று நான்கில் தொடங்கிய அலைச்சல், தொண்ணூற்றாறு ஆகியும் தீரவில்லை.

எல்லாம் ஒரு கோயிலுக்காக.

மன்னாரிலும் தீவுப்பகுதியிலுமிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முன்பு ஒரு பங்கு மண்டபம்தான் கதி. இத்தாலியப் பிள்ளைகள் பந்தடித்து முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்ப் பூசை. யாருக்காவது பிறந்தநாள் விழா வந்துவிட்டால் அதுவும் இல்லை. கடைசியில் அந்தப் பங்குச் சாமியார் மனமிரங்கி, சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த சின்னக் கோயிலொன்றின் திறப்பைக் கொடுத்தார். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பு நோர்மன் படையோடு பிரான்சிலிருந்து வந்த பிரபு ஒருவன், தன் ஊர்ப் பங்குக் கோயிலைப் போலவே இங்கேயும் ஒன்று வேண்டுமென்று அதைக் கட்டத் தொடங்கினானாம். அக்கம்பக்கத்தார் இன்னும் அதைப் பிரெஞ்சுக்காரர் கோயில் என்றுதான் சொன்னார்கள்.

சனம் திரண்டு போய்ப் புறா எச்சத்தைச் சாக்குச் சாக்காக அள்ளிக் கொட்டியது. கட்டட வேலைக்குப் போகும் கிளறாவின் கணவன் ஏர்னஸ்ற் சுவருக்கு வெள்ளையடித்தான். விமானத்தில் வந்தபோது மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த மடு மாதா சுரூபத்தைக் கிளறா பக்கப் பீடத்தில் வைத்தாள். முதல் பூசையில் அவள் பாட்டை எடுத்ததும், கல் வளைகூரை அந்தக் குரலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளே திகைத்துப் போனாள்.

நாலு மாதம்தான் அந்தச் சந்தோசம். விளக்கு மாட்ட ஏர்னஸ்ற் ஆணி அடித்தபோது பாயகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே, கல் வைத்து அடைத்த பழைய வளைவொன்று தெரிந்தது. சாமியார் அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவித்தார். அடுத்த கிழமை அலுவலகத்திலிருந்து ஸ்காலிசி என்ற பெண்மணி வந்தார்; பட்டம் பெற்றவர் என்பதால் மரியாதையாகத் 'தொத்தொரெஸ்ஸா' என்று அழைத்தார்கள். பழைய கட்டடங்களைப் படித்தே தலை நரைத்தவர். அந்த வளைவைத் தடவிப் பார்த்து அவர் கண் கலங்கினார். பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொல்லி, கதவுக்கு ஆமைப்பூட்டைப் போட்டார்.

"ஆறு மாதம் பொறுங்கள். எந்தச் சுவர் எந்தக் காலத்தில் எழும்பியது என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது."

"எங்கட மாதா உள்ளுக்கை நிக்கிறா," என்று கிளறா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள்.

"உள்ளே உள்ளதெல்லாம் இப்போது அலுவலகத்தின் பொறுப்பு. ஆய்வு முடியட்டும்."

ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் இரண்டானது. சனம் மண்டபத்துக்கே திரும்பிப் போனது. தொண்ணூற்றாறு ஆனியில் ஒரு வியாழக்கிழமை கிளறாவுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. வாங்கிலிருந்து எழுந்து நேரே ஸ்காலிசியின் அறைக்குள் போனாள்.

"தொத்தொரெஸ்ஸா, அந்தக் கோயிலைக் கட்ட அவைக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

யாரும் கேட்காத கேள்வியை ஒருத்தி கேட்டுவிட்ட மகிழ்ச்சியில் ஸ்காலிசி வரைபடத்தை விரித்தார். பிரபு கட்டியது பீடப் பக்கம் மட்டும்தான். அவன் செத்ததும் வேலை நின்றது. இரண்டு தலைமுறை கழித்து ஊர் வணிகர்கள் மிச்சத்தைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பூகம்பம், திருத்தம், புதுப் பூச்சு.

"பாதியிலை நிண்ட காலத்திலை சனம் என்ன செய்தது?"

"பலகையால் அடைத்துவிட்டு உள்ளே பூசை வைத்தார்கள்."

"அவை பாதிக் கோயிலிலை கும்பிடலாம். நாங்கள் முழுக் கோயிலிலை கும்பிடக் கூடாதோ?"

ஸ்காலிசி கண்ணாடியைக் கழற்றினார். "மேலே ஏறிப் பார்க்காமல் ஆய்வு முடியாது. சாரம் கட்டித் தரச் சொல்லி நானும் இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறேன். எனக்கும் யாரும் பதில் சொல்வதில்லை."

"அப்ப ஆவணியிலை வாற மாதா திருநாளுக்குச் சுரூபத்தையாவது தாங்கோ."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லை, சின்யோரா."

அந்தத் திருநாளுக்கு மண்டபச் சுவரில் மாதாவின் கலண்டர் படமொன்றை ஒட்டிப் பூசை வைத்தார்கள். நன்மை அப்பம் கொடுக்கும் நேரத்தில் படம் கழன்று விழுந்தது. கிளறா பாட்டை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை ஏர்னஸ்ற் வேலைக்குப் போன வழியிலேயே திரும்பி ஓடி வந்தான்.

"இஞ்சேரும், கோயில் இடிஞ்சு போச்சு!"

கிளறா செருப்புக்கூட மாற்றாமல் ஓடினாள். தீயணைப்புக்காரர்கள் சந்தை வழியை மறித்திருந்தார்கள். திறந்த கதவால் உள்ளே ஆகாயம் தெரிந்தது. வளைகூரை பிளந்து, பக்கப் பீடத்தின் மேலும் முன் வாங்குகளின் மேலும் விழுந்து கிடந்தது. பூட்டுவதற்கு முன்பு பாடகர் குழுச் சிறுமிகள் உட்காரும் வாங்குகள் அவை. கிளறாவின் மகள் ஜெனுஷாவும் அவற்றில்தான் உட்காருவாள்.

மழையில் குடையில்லாமல் நின்ற ஸ்காலிசி, பிளந்த இடத்தைக் காட்டினார். "பாருங்கள், வணிகர்கள் கட்டிய சுவர் பிரபுவின் சுவரோடு பிணையவே இல்லை. சும்மா பக்கத்தில் ஒட்டி நின்றிருக்கிறது. மேலே பூச்சு மறைத்துவிட்டது."

ஏர்னஸ்ற் தலையாட்டினான். கிளறா அவரையே பார்த்தாள்.

"இது விழுமெண்டு தெரிஞ்சோ பூட்டினனீங்கள்?"

"இல்லை," என்றார் ஸ்காலிசி. "அந்த வளைவுக்காகத்தான் பூட்டினேன்."

அடுத்த ஞாயிறு, பூட்டைப் போட்டுப் பிள்ளைகளைக் காத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம் என்று தமிழ்ச் சாமியார் பிரசங்கம் வைத்தார். சனமெல்லாம் கண்ணைத் துடைத்தது. கிளறாவும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த நன்றி வாயில் வர மறுத்தது. இரண்டு வருடமாக வளர்த்த கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடமில்லாமல் போனதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. யாரைப் பேசினாலும், பிள்ளை தப்பியதே போதாதா என்பார்கள். ஏர்னஸ்ற்றே அதைத்தான் சொன்னான்.

நத்தார் பண்டிகைக்கு முந்திய கிழமை ஸ்காலிசி வீடு தேடி வந்தார். பழந்துணியில் சுற்றிய மாதா சுரூபத்தின் துண்டுகளை மேசையில் வைத்தார். முகம் முழுதாக இருந்தது. கைகள் இல்லை.

"யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்தேன்," என்றார்.

இதையே ஆவணியில் செய்திருந்தால் மாதா முழுசாக வந்திருப்பாள். கிளறா அதை மனதோடு வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தக் கோயிலைப் பற்றி எழுதுவீங்கள்தானே? நாங்களும் அங்கை இருந்தனாங்கள் எண்டு எழுதுவீங்களோ? நாங்கள் கூட்டினது, வெள்ளையடிச்சது, பாடினது."

"எழுதுவேன், சின்யோரா."

அதன் பிறகு தமிழருக்குப் பூசை வைக்க இன்னொரு கோயில் கிடைத்தது. வேறு இரண்டு சமூகங்களோடு முறை வைத்துப் பாவிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டு மறுபடி பூட்டினார்கள். தொண்ணூற்றொன்பதில் ஸ்காலிசியின் புத்தகம் தபாலில் வந்தது. வழுவழுப்பான தாளில் தடித்த இத்தாலியப் புத்தகம். எந்தக் கல் யார் காலத்தது என்று வண்ண வண்ணமாகப் படம் போட்டிருந்தார்கள். கிளறா அதை ஜெனுஷாவிடம் கொடுத்து, தங்களைப் பற்றித் தேடச் சொன்னாள். பிள்ளை விரலை வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை போய்த்தான் நிறுத்தினாள்.

"இஞ்சை இருக்கு, மம்மா. 'அண்மைக் காலத்தில் சில வெளிநாட்டவர் பூசிய சுண்ணாம்பு, ஆய்வுக்காகச் சுரண்டி அகற்றப்பட்டது.'"

"பேர் போடேல்லையோ?"

"இல்லை."

"தமிழர் எண்டாவது?"

"இல்லை மம்மா. ஸ்திரானியேரி எண்டுதான் இருக்கு. வெளிநாட்டவர்."

ஏர்னஸ்ற் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "சுண்ணாம்பாவது புத்தகத்திலை ஏறிச்சே!"

கிளறா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா வாசி," என்றாள்.

ஜெனுஷா இன்னொருமுறை, இந்தத் தரம் மெதுவாக வாசித்தாள்.

எப்படி வாசித்தாலும் அது அந்த ஒரே வரிதான்.