செவ்வாய்க்கிழமை வள்ளம்

அஃபிபாவுக்குப் பிரெஞ்சு தெரியும். எஜிருக்கு அவளிடம் பிடிக்காத முதல் விஷயம் அது. இரண்டாவது, அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

கானாவும் ஐவரி கோஸ்டும் சேர்ந்து நடத்திய கடல் பயிற்சியின் கடைசி நாள். எல்லைக் கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் அருகருகே போய்க்கொண்டிருந்தன. நடுக்கடலில் எண்ணெய் திருடி வள்ளத்தில் கடத்துகிறவர்களைச் சேர்ந்து பிடிப்பதற்கான பயிற்சி. அது முடிந்ததும், பிரெஞ்சு பேசும் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரு கண்காணிப்பு அறை திறக்கிறார்கள். அதில் கானாவுக்கு ஒரே ஒரு நாற்காலி. ஒன்று எஜிர், இல்லை அஃபிபா. கேப்டன் தெத்தே மாலையில் பெயரைச் சொல்லப்போகிறார்.

எஜிர் கடற்படையில் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்குக் கயிறு முடியக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். இப்போது அவள் வயர்லெஸ்ஸில் பேசினால் பக்கத்து ஐவரி கோஸ்ட் கப்பலில் சிரிக்கிறார்கள். கேப்டன் திரும்பி, "என்னம்மா சொல்றாங்க?" என்கிறார். எஜிரிடம் அவர் கேட்பது டீ வந்துவிட்டதா என்றுதான்.

சுக்கான் பிடித்திருந்த பைடூ வேறு சீண்டினான். "அண்ணே, அபிஜான் போனா உங்க வாய் சாப்பிட மட்டும்தான் திறக்கும்."

"நீ ரோட்டைப் பாரு."

"இங்க எங்கண்ணே ரோடு?"

அஃபிபா கீழ்த்தளத்தில் தன் ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ரேடாரில் அந்தப் புள்ளி வந்தது. எஜிர் பைனாகுலரை எடுத்தான். நீளமான வள்ளம். பின்னால் எஞ்சின். அசையாமல் நின்றது.

இன்று செவ்வாய்க்கிழமை. எஜிரின் ஊரான எல்மினாவில் செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள். யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். இறக்கினால் தலைமை மீனவர் வலையைப் பறித்துக்கொள்வார். கடல் சும்மா விடாது என்ற பயம் அதற்கும் மேல். செவ்வாயில் கடலில் நிற்பவன் மீனுக்கு வந்தவனாக இருக்க முடியாது.

அஃபிபாவைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கப்பலுக்கு எதைச் சொன்னாலும் அவள் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எஜிர் வயர்லெஸ்ஸைத் தானே எடுத்தான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எண்ணெய்க் கடத்தல் வள்ளம், உறுதியான தகவல் என்றான்.

கேப்டன் நிமிர்ந்தார். "உறுதியா?"

"செவ்வாய்க்கிழமை சார். வேற யாரு வருவான்?"

இரண்டு கப்பல்களும் திரும்பின. எஜிர் முதல் விரைவுப் படகில் குதித்தான். அஃபிபா அடுத்ததில் வந்தாள். அவள் எதையோ கத்தினாள். காற்றில் கேட்கவில்லை, அவன் கேட்க முயலவும் இல்லை. நேராக விடு என்று படகோட்டியை விரட்டினான். வள்ளத்தை நெருங்கும்போது படகு குலுங்கி நின்றது. எஞ்சினில் வலை சுற்றிக்கொண்டிருந்தது. பாதி இழுத்த வலை. அதில் மீன் துள்ளியது.

வள்ளத்தில் பனிக்கட்டியும் மீனும் தவிர ஒன்றும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை கடல்ல என்னய்யா வேலை?" என்று எஜிர் கத்தினான்.

வலையின் கிழிந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நின்றார். "நாங்க அசினிக்காரங்கடா! எங்களுக்கு வியாழக்கிழமைதான் ஓய்வு. உனக்கு யாருடா யூனிஃபார்ம் குடுத்தது?"

அது எஜிருக்குத் தெரியாத விஷயம் இல்லை. கானாவின் மேற்குக் கோடியில், அசினிப் பக்கம், ஓய்வு நாள் வேறு என்று கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நாற்காலிதான் நினைவில் இருந்தது.

அஃபிபாவும் அசினிக்காரிதான். அவள் வந்து தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். வலைக்காரர் முதலில் திட்டினார், பிறகு அவள் அப்பா பெயரைக் கேட்டார், பிறகு சிரித்துவிட்டார். அடுத்து வயர்லெஸ்ஸில் பக்கத்துக் கப்பல் கேட்டது. அவள் பிரெஞ்சில் நீளமாகப் பேசினாள். அங்கேயும் சிரிப்பு. கிழிந்த வலைக்கு ஈடாக இரண்டு கேன் எரிபொருள் தருகிறோம் என்றார்கள். எண்ணெய்த் திருடன் என்று துரத்திய வள்ளத்தில் எண்ணெய் ஏறியது.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"நாங்க ரெண்டு பேருமே தப்பா நெனச்சுட்டோம்னு சொன்னேன்."

"நீ நெனைக்கலையே."

"என்கிட்ட சொல்லாம நீங்களா பேசுனீங்கன்னு தெரிஞ்சா அந்த நாற்காலிய யாருண்ணே நமக்குக் குடுப்பா? யார் வேணா போங்க. நாற்காலி இருக்கணும்ல?"

அவளுக்குப் பொய்கூட நன்றாக வந்தது.

மாலையில் கேப்டன் இருவரையும் அழைத்தார். "அஃபிபா சொல்றா, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவாம். அப்படியா?"

ஆமாம் என்றால் போதும். இருவருக்கும் ஒரே கறை. அனுபவம் பார்த்தால் எஜிர்தான். அஃபிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்காக அவள் குனிந்து நிற்பது எஜிரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அபிஜானில் அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நாளும் இது அவள் போட்ட பிச்சை என்று தோன்றும். அந்தத் தப்பில்கூட அவளுக்குப் பங்கு தர அவனுக்கு மனம் வரவில்லை.

"இல்ல சார். அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல. நான் மட்டும்தான்."

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கேப்டன் தலையாட்டினார்.

"நேர்மையா சொன்னே. நல்லது" என்றார். பிறகு அஃபிபாவிடம், "அபிஜானுக்குச் சாமானைக் கட்டும்மா."

வெளியே பைடூ அவன் தோளில் தட்டினான். "பெரிய மனசுண்ணே உங்களுக்கு."

எஜிர் அந்தக் கையைத் தட்டிவிட்டு நடந்தான்.

வள்ளக்காரர்கள் அஃபிபாவுக்கு ஒரு பெரிய மீன் கொடுத்திருந்தார்கள். அவள் அதைச் சுட்டு, புளித்த சோளமாவில் பிடித்த கெங்கி உருண்டையும் அரைத்த மிளகாயும் வைத்து, நடுத்துண்டை அவன் தட்டில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்ணே."

"சாப்பிடு."

அவன் ஒரு வாய் வைத்தான். மீன் பிரமாதமாக இருந்தது. அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை.