பதில் விட்டுப்போன பாடம்

நான்கு தாள்கட்டுகள். நான்கு மாணவர்களின் கையெழுத்து. நான்கிலும் அதே வரி.

'கடவுளின் அருள் வந்து தொட்டால் மனிதனால் மறுக்கவே முடியாது.'

மேலே கொட்டை எழுத்தில், 'தோரிபியோ சாமியாரின் பாடம், சலமான்கா.'

தோரிபியோ மறுபடி வாசித்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் அடித்து நொறுக்கி வந்த கருத்து அது!

"வேதத்தை மறுக்கிற பதிதன் பேச்சாச்சே சாமி, உங்க வாயில எப்படி வந்துச்சு?" என்று கேட்ட திருச்சபை விசாரணையாளர் மெல்ச்சோர், சாவகாசமாக ஆலிவ் கொட்டையைத் துப்பினார்.

"ஐயா, அது என் கருத்தே இல்ல. எதிராளி என்ன சொல்வான்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் பதில் குடுப்போம். எங்க வழக்கம் அது."

"சரி, பதில் எங்க?"

தோரிபியோ புரட்டினார். எதிராளியின் வாதம் முடிந்த இடத்தில் அடுத்த கேள்வி தொடங்கியிருந்தது. நான்கிலும்.

பொறி தட்டியது. போன மார்ச். காய்ச்சல். அவருடைய குறிப்பை வைத்து வகுப்பு எடுத்தவர் அடுத்த அறை லெயாந்த்ரோ சாமியார். இதோ, சுவரோடு சுவராக நிற்கிறார்.

"லெயாந்த்ரோ, பதிலை எழுத வெச்சியா இல்லியா?"

"மணி அடிச்சிடுச்சு அண்ணே. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். மறுநாள் வேதசாஸ்திரி தோமையார் திருநாள், வகுப்பு இல்ல. அதுக்கு மறுநாள் நீங்களே எழுந்து வந்துட்டீங்க."

வந்தவர் அடுத்த கேள்வியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"பலே! ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குத் திருநாள். நடுவுல சத்தியத்துக்கு லீவு" என்று சிரித்தார் மெல்ச்சோர்.

தோரிபியோ ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து தன் மூலத் தாளைக் கொண்டுவந்தார். அதில் பதில் இருந்தது, ஒன்பது காரணங்களோடு.

மெல்ச்சோர் மையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் எழுதினீங்களோ?"

"போன வருஷம்!"

"யார் கண்டா? அச்சுப் புத்தகம்னா வருஷம் இருக்கும், அனுமதி இருக்கும்."

"அருளைப் பத்தி அச்சடிக்கக் கூடாதுன்னு ரோமாபுரியே தடுத்திருக்கே!"

"அப்ப அனுபவிங்க."

"லெயாந்த்ரோ சாட்சி சொல்வான்."

"சொல்லட்டுமே. பதித வாதத்தை நாப்பது பேருக்கு எழுதவெச்சு, பதிலை முழுங்கினது அவர்னு ஆகும். உங்களுக்குப் பதிலா அவரைக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வண்டியில ஒரு ஆள் இருந்தாப் போதும்."

லெயாந்த்ரோ தோரிபியோவைப் பார்த்தார்.

"வண்டி காலியாப் போகவும் வழி இருக்கு" என்றார் மெல்ச்சோர். "நாளைக் காலைல வகுப்புல நின்னு, 'நான் இப்படிப் போதிச்சேன், தப்பு, விலக்கிக்கறேன்'னு எழுதவெச்சிடுங்க. பதவி தப்பும்."

"விட்டுப்போன பதிலை மட்டும் எழுதவெக்கிறேனே?"

"மாட்டிக்கிட்டதும் ஒட்டுப்போட்டார்ம்பாங்க. வேணாம்."

காலை. மேடை. நாற்பது இறகுகள் மையில் தோய்ந்து காத்திருந்தன. இந்தத் தாள்கள் கோயிம்பிராவுக்குப் போகும், கப்பலேறி லீமாவுக்கும் போகும். போகிற ஊரிலெல்லாம் ஆளுக்கொரு பிரதி எடுப்பார்கள். தான் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னதற்குத் தன் வாயாலேயே அத்தாட்சி!

கடைசி வரிசையில் லெயாந்த்ரோ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

தோரிபியோ சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் உள்ளே போய்விட்டது.

"சாமி, காதுல விழல" என்றான் முன்வரிசை மாணவன். "'நான் போதித்தேன்' தானே?"

"ஆமா," என்றார் தோரிபியோ. "எழுதிக்கோ."