மேல்மடுவின் அம்மணி

மலையோடு மலை தோள் உரசி நிற்க, அவற்றின் இடுக்கில் கடல் தன் நீண்ட நாவை நுழைத்து நிலத்தைச் சுவைத்துக் கிடக்கும் நார்வே நாட்டு மேற்குக் கரையில், பூர்ச்ச மரங்கள் தம் பொன்னிலைகளையெல்லாம் ஒரே காற்றில் இழந்துவிட்டு, இனி இழக்க ஒன்றுமில்லாதவர்க்கே வாய்க்கும் அமைதியோடு வெறுங்கிளைகளாய் நின்ற ஐப்பசி முற்பகல் அது. கதிரவன் தென்மலை முகட்டின்மேல் தலையை நீட்டி, கீழே நிலைமை சரியில்லை என்று கண்டவன்போல் உடனே உள்ளிழுத்துக்கொண்டான். பனிமலைப் பால் உண்டு வளர்ந்த துவேரா ஆறு, பாறைகளைத் தழுவியும் தள்ளியும், அருவியாய்க் குதித்தும் மடுவாய் உறங்கியும், கடலை நோக்கி அவசரமின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

அருவிக்கு மேலே, பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில் வாழ்ந்தவர் ரெய்டார். மனைவி பேர்கன் நகருக்குப் பெயர்ந்துபோன பின்னர், அவர் ஒரு நாளில் பேசும் சொற்களில் பாதி காப்பிப் பாத்திரத்துக்கும் மீதி வீட்டின் பின்னுள்ள மேல்மடுவுக்கும் உரியவை ஆயின. பிறரைத் தொந்தரவு செய்யாமையே அப்பள்ளத்தாக்கில் தலையாய பண்பு. ஆகவே அக்கம்பக்கத்தார் அவருடைய தனிமையைப் பெரிதும் மதித்து, ஒருவரும் எட்டிப் பாராமல் இருந்தனர்.

வேனிலின் உச்சத்தில் அம்மடுவுக்கு ஒரு பெண் சால்மன் மீன் வந்து சேர்ந்தது. கூழாங்கல் இடுக்கில் பிறந்து, விரல் நீளம் வளர்ந்ததும் ஆற்றைத் துறந்து, பனிக்கடல்களில் திரிந்து கொழுத்து, பின்னர் பிறந்த நீரின் மணம் ஒன்றையே வழித்துணையாகக் கொண்டு மீளும் இனம் அது. மீண்டபின் முட்டையிடும் நாள்வரை ஒரு கவளமும் உண்ணாது. அத்துணை தொலைவு கடந்து தம் கொல்லைப்புறத்துக்கு வந்த உயிரை வெறுமனே மீன் என்று அழைக்க ரெய்டாருக்கு மனம் வரவில்லை. அம்மணி என்று பெயரிட்டார். நாள்தோறும் காலையில் கரையில் நின்று வானிலை கூறினார். அவர் நிழல் நீரில் விழுந்த கணமே அம்மணி பாறையடியில் மறைந்துகொள்வாள். அந்த அவமதிப்பையும் அவர் உறவாகவே எடுத்துக்கொண்டார்.

நூல்நயம் தேரும் நண்பரே, உம்மிடம் மறைப்பானேன்! புரட்டாசி இறுதியில் பெரும்புயல் ஒன்று வீசி, கடலில் இதே இன மீனை வளர்க்கும் வலைக்கூண்டுகளில் ஒன்றைக் கிழித்தது. அடுத்த வாரம், மடுவோரப் பாறைமேல் நீர்நாய் தின்று எறிந்த தாடையொன்றையும் சிதறிய செதில்களையும் ரெய்டார் கண்டார். கண்டவர், அவற்றைக் காலால் ஆற்றில் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போனார். மூன்றாம் நாள் அம்மணி மறைந்துகொள்ளும் அதே பாறையருகே, ஏறத்தாழ அதே அளவில், வேறொரு பெண் மீன் நீரடியில் கிடந்தது. ரெய்டார் வழக்கம்போல் வானிலை கூறினார். அவர் நிழல் விழுந்ததும் இம்மீன் ஓடவில்லை. நிழலை நோக்கி நீந்தி வந்தது. அம்மணிக்குத் தம்மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். அதற்குமேல் ஆராய அவருக்கு விருப்பமில்லை.

ஆற்றில் தப்பியேறிய வளர்ப்பு மீன்களைக் களைவதற்கு, முட்டையிடும் பருவத்துக்கு முன்னர், அவ்வூரார் இரப்பர் உடையும் மூச்சுக்குழலும் அணிந்து, முகத்தை நீருள் அமிழ்த்தி ஆற்றோடு மிதந்து வருவது வழக்கம். ஒருவர் கண்ணை மட்டும் நம்பி ஈட்டி பாய்வதில்லை. இருவர் பார்த்து, இருவரும் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினால்தான் குத்தலாம். மேல்மடுவுக்கு அவ்வாண்டும், அந்த ஐப்பசி முற்பகலில், ரெய்டாரோடு இணையாக வந்தவள் ஓட்னி. வார நாள்களில் அவ்வலைக்கூண்டுகளிலேயே வேலை பார்ப்பவள்.

“ரெய்டார்! உயிரோட இருக்கியா, இல்ல இப்படியே திரும்பிப் போகவா?”

“இருக்கேன். காப்பி ஆறிப்போச்சு.”

“உன் வீட்டுல அது என்னிக்குச் சூடா இருந்துச்சு? உடையை மாட்டு. போன வருசத்தைவிட வயிறு பெருத்திருக்கே, நுழையுமா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தீனி போட்டு வளக்குற. சனிக்கிழமை வந்து அதையே குத்துற. நீ என் வயித்தைப் பத்திப் பேசுறியா?”

“அது சம்பளத்துக்கு, இது மனசாட்சிக்கு. குளிரு ரெண்டுலயும் ஒண்ணுதான்யா.”

இருவரும் மடுவில் இறங்கினர். பளிங்கு போன்ற நீரின் அடியில், கூழாங்கற்களின்மேல், வயிறு நிறைய முட்டை சுமந்து அப்பெண் மீன் கிடந்தது. அதன் அருகே, கடலும் அருவியும் கடந்து மெலிந்து, கீழ்த்தாடை கொக்கியாய் வளைந்த ஆற்றின் ஆண் மீனொன்று, மணப்பந்தலில் நிற்கும் ஏழை மணமகன்போல் உடல் நடுங்க ஒட்டி நின்றது. ஓட்னி ஒருமுறை பார்த்தாள். கட்டைவிரலைக் கீழே காட்டினாள். ரெய்டாரின் கை அசையவில்லை. இருவரும் தலையை உயர்த்தினர்.

“வால் ஓரத்தைப் பாத்தியா? தேஞ்சு உருண்டிருக்கு. கூண்டு மீனு.”

“கல்லுல உரசியிருக்கும்.”

“உடம்பெல்லாம் புள்ளி வேற. இதுங்க மூஞ்சியை நான் தினமும் பாக்குறேன்யா.”

“அவ கோடையிலேர்ந்து இங்கதான் இருக்கா.”

“யாரு?”

ரெய்டார் மலையைப் பார்த்தார். மலை உதவவில்லை. “அம்மணி.”

ஓட்னி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்காதது அதைவிடக் கொடியதாயிற்று. நீர் சொட்டும் முகத்தோடு அவள் மெல்லச் சொன்னாள்: “புயலுக்கு முன்னாடி இங்க எந்தக் கூண்டும் கிழியல. கோடையில வந்தது இதுதான்னு நீ சொன்னா, ஈட்டியைத் தொட மாட்டேன். உன் பேச்சு போதும். ஆனா இந்த வருசம் ஏறி வந்த மீனு ரொம்பக் கொஞ்சம், ரெய்டார். இது தப்பி வந்ததா இருந்தா, பொறக்கிற குஞ்சுங்க பாதி கூண்டு. கடலுக்குப் போயிட்டு இங்க திரும்பி வருமான்னு யாருக்குத் தெரியும்?”

ஆம் என்று ஒரு சொல் போதும்; பனிக்காலம் முழுவதும் வானிலை கூறுவதற்கு ஓர் ஆள் மிஞ்சும். ரெய்டார் மீண்டும் முகத்தை நீரில் அமிழ்த்தினார். மலைமுகட்டில் கதிரவன் ஒரு கணம் மீண்டும் தலைகாட்ட, அவர் நிழல் கூழாங்கற்களின்மேல் படிந்தது. ஆண் மீன் வெருண்டு விலகியது. பெண் மீனோ, கையிலிருந்து உணவு விழும் என்று கூண்டில் கற்ற பாடத்தை மறவாமல், அன்புபோல் தோன்றும் அமைதியோடு அவரை நோக்கி மேலெழுந்து வந்தது. ரெய்டார் தலையை உயர்த்தினார்.

“அம்மணியை நீர்நாய் தின்னுடுச்சு. புயலுக்கு அடுத்த வாரமே.”

“அப்ப இது?”

“இது வந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல.” கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பியது. “ஈட்டியைக் குடு.”

“நீ கரைக்குப் போய்யா. நான் பாத்துக்குறேன்.”

“உன்னைப் பாத்தா ஓடினாலும் ஓடும். எங்கிட்டதான் நிக்கும்.”

நின்றது.

குத்திய மீனைக் கரையில் கிடத்தி ஒரு செதிலை உரித்து, ஓட்னி உருப்பெருக்கியின் வழியே நோக்கினாள். பசித்த குளிர்காலம் எதையும் அறியாமல், ஓராண்டைப் போலவே மறுஆண்டும் உண்டு வளர்ந்த வாழ்வின் அகன்ற வளையங்கள் அதில் சீராகப் பதிந்திருந்தன. கிழிந்த வயிற்றிலிருந்து செம்மணிகளாய் முட்டைகள் புல்லின்மேல் சரிந்தன.

“கூண்டுதான். சரியாத்தான் செஞ்ச.” சற்று நேரம் கையுறையை உதறிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “சாயங்காலம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாயேன். ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும்தான். மீன் கெடையாது.”

“பாக்கலாம்.”

அப்பள்ளத்தாக்கில் அச்சொல்லுக்கு வரமாட்டேன் என்று பொருள். கேட்டவளுக்கும் அது தெரியும். வற்புறுத்துவது பண்பன்று ஆதலின், தலையசைத்து வண்டி ஏறினாள்.

ஆண் மீன் மறுநாள் முழுவதும் அவ்வெறுங்கற்களைக் காத்து நின்றது. அதற்கடுத்த நாள் அருவியிறங்கி, ஆற்றுக்கே பிறந்த பெண் மீனொன்று வாலால் கல்லைக் கிளறிக்கொண்டிருந்த கீழ்மடுவைச் சேர்ந்தது. வரும் இளவேனிலில் அங்குப் பொரியும் குஞ்சுகள் கடலறியும், வழியறியும், மீளவும் அறியும். துவேராவுக்கு நன்மை விளைந்தது. அதை விளைவித்தவர் எப்படி இருக்கிறார் என்று அந்நன்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. முதற்பனி விழத் தொடங்கிய காலையில் ரெய்டார் கரைவரை வந்து வானத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர், கண்டதை எவரிடமும் கூறாமல் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.