பயத்தம் ஐஸ்கிரீமும் பஸ்ரியன்ர ஒறுத்தலும்

விபூதிப் புதன் பூசை முடிஞ்ச கையோட, கோயில் வாசலில நிண்டு பஸ்ரியன் ஊரறிய அறிக்கை விட்டான்: உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஐஸ்கிரீம் தொடமாட்டானாம். சும்மா ஆளா அவன்? தோட்டவெளிக்கு ஐஸ்கிரீம் வான் வந்தால் முதல் கோனும் அவனுக்குத்தான், கடைசிக் கோனும் அவனுக்குத்தான். போன தவக்காலம் கள்ளை விடுறன் எண்டு சொல்லி, ஒரு கிழமையும் தாக்குப்பிடிக்காத மனுசன். அதனால மச்சான் ஜஸ்ரின், "அத்தான், இந்த முறை எவ்வளவு தூரத்துக்கு?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுப்போட்டான். பஸ்ரியனுக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. இந்த முறை செத்தாலும் முறிக்கிறதில்லை.

அவன்ர மனுசி யசிந்தாவுக்கோ பால் ஒத்துக்கொள்ளாது. ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த கோளாறு. பால்தேத்தண்ணி ஒரு முடறு போனாலே வயிறு கலகம் பண்ணும். ஞாயிற்றுக்கிழமையளில புருசன் கோனை நக்க, அவள் பக்கத்தில நிண்டு அவன்ர சேட்டில வடியாம கைதுடைக்கிற லேஞ்சி பிடிப்பாள். அப்பிடி நிண்டு நிண்டு ரோசம் வந்து, பாலே இல்லாத ஐஸ்கிரீம் செய்ய இறங்கினாள். யூடியூப்பில பாத்ததுதான். அடம்பன் ஊர்ப் பயறை ஊறவிட்டு அரைச்சு வடிச்சு, மா அடியில படிய மேல்தண்ணியை இறுத்து, தேசிக்காய்ப் புளி விட்டால் பயறின்ர புரதம் திரைஞ்சு வரும். அதைத் துணியில பிழிஞ்சு, சூடுகாட்டி, தேங்காய்ப்பாலோட அடிச்சு உறைய வைக்கவேணும். தண்ணியையும் எண்ணெயையும் பிரியவிடாமப் பிடிச்சு வைக்கிற வேலையைப் பாலுக்குப் பதிலா அந்தப் புரதம் செய்யுமாம்.

"பாலில்லாததுக்குப் பேர் ஐஸ்கிரீமோ? அது ஐஸ்கிரீமே இல்லை" எண்டு பஸ்ரியன் தொடக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

அந்தத் தீர்ப்பையே யசிந்தா இப்ப பிடிச்சாள். "ஐஸ்கிரீம் இல்லாததைத் திண்டா ஒறுத்தல் முறியாதுதானே? ருசி பாத்துச் சொல்லுங்கோ. மற்ற ஆக்கள் எல்லாம் நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டு அரைவாசியை வைச்சிட்டுப் போகினம். ஐஸ்கிரீம் விசயத்தில நீங்கள் பொய் பேசமாட்டியள்."

உயிர்த்த ஞாயிறு அண்டு கோயில் வளவில போடுற கடைக்கு, மாதர் சங்கம் அவளிட்டத்தான் ஐஸ்கிரீம் கேட்டிருந்தது. தன்னை நம்பி ஒராள் ஒரு வேலை கேட்டது இதுதான் முதல்தரம். அவளுக்கு அது உயிர்.

பஸ்ரியன் திண்டான். முதல் சட்டி பச்சைப்பயறு மணந்துது. அடுத்தது உப்பளத்தில வெட்டியெடுத்த மாதிரிக் கறுமுறு. அதுக்கடுத்தது புளிச்சுது. "இதுதானப்பா மெய்யான தவம்" எண்டு முகத்தைச் சுழிச்சு விழுங்கினான். மனச்சாட்சிக்கு ஒரு குறையும் வரேல்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி மத்தியானம் இன்னொரு கோப்பை வந்துது. ஒரு கரண்டி வாயில வைச்சான். ஐயோ! நாக்கில வழுக்கிக்கொண்டு போச்சு. கண் தானாச் சொருகிச்சுது. கோப்பையைச் சுரண்டின சத்தத்திலதான் சுயநினைவே வந்துது. மாதாவே, இது ஐஸ்கிரீம் எல்லோ!

"எப்பிடியப்பா?" யசிந்தா அவன்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

நல்லாயிருக்கு எண்டா ஒறுத்தல் போச்சு. ஜஸ்ரின்ர இளிப்பு கண்ணுக்கு முன்னால வந்துது. "இன்னும்... பயறு மணக்குது" எண்டான்.

மற்ற நாளெண்டா சுரண்டின கோப்பையைக் கண்டே ஆளைப் பிடிச்சிருப்பாள். அண்டைக்குக் கண் கலங்கினதில ஒண்டும் தெரியேல்லை. "அப்ப சங்கத்துக்கு ஏலாதெண்டு சொல்லுறன்" எண்டு கோப்பையைக் கழுவப் போனாள்.

பின்னேரம் சிலுவைப்பாதை. ஒவ்வொரு தலத்திலயும் முழங்காலில நிக்க நிக்க, பஸ்ரியனுக்கு வேர்த்துக் கொட்டிச்சுது. ஒறுத்தலைக் காப்பாத்தப் போய்ப் பொய் சொன்னவன், அதுவும் தவக்காலத்தில, அதுவும் சொந்த மனுசிக்கு!

வெளிய வர, சங்கத் தலைவி அன்ரோனெற்றிட்ட யசிந்தா சொல்லிக்கொண்டு நிண்டாள். "அக்கா, எனக்குச் சரிவரேல்லை. வேற ஆரையும் பாருங்கோ."

"பொய்!" எண்டு பின்னால ஒரு சத்தம். சனமெல்லாம் திரும்பிப் பாத்துது. "நான்தான் பொய் சொன்னனான். அது ஐஸ்கிரீம்! ஒரு கோப்பை ஐஸ்கிரீமை வழிச்சுத் திண்டு என்ர ஒறுத்தலை முறிச்சுப்போட்டன்!"

ஜஸ்ரின் விழுந்து விழுந்து சிரிச்சான். அன்ரோனெற் சிரிக்கேல்லை. "இந்த வீம்பு பிடிச்ச மனுசன்ர வாயால வந்துதெண்டா அது ஐஸ்கிரீம்தான். யசிந்தா, கடை மேசை உனக்குத்தான்."

பாவசங்கீர்த்தனத்தில பங்குச் சுவாமி குடுத்த அபராதத்தைப் பஸ்ரியனே வீட்டை வந்து சொன்னான்: உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மனுசிக்குப் பயறு அரைச்சுக் குடுக்கவேணும், ஒரு சொட்டும் வாயில வைக்கக்கூடாது.

அடுத்தநாள் அவன் துணியை முறுக்கிப் பிழிய, யசிந்தா கதிரையை இழுத்துப்போட்டு முன்னால இருந்து, ஒரு கோனை நிரப்பி ஆறுதலா நக்கினாள். கரண்டி நுனியில ருசி பாத்ததை விட்டால், இத்தினை வருசத்துக்குப் பிறகு அவள் திண்ட முதல் கோன் அது. பஸ்ரியன் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிண்டான். ஐஸ்கிரீம் வானுக்குப் பக்கத்தில இவளும் இப்பிடித்தானே நிண்டவள் எண்டு நினைக்க அவனுக்கு வெக்கமாப் போச்சு.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" எண்டாள் யசிந்தா. "சட்டையில வடியுதெல்லோ. லேஞ்சியைப் பிடியுங்கோ."